தொட்டிக்குள் நாம், கட்டுப்பாட்டு அறைக்குள் யார்?

பொறியியல் கலந்தாய்வு நாட்களில் ராசிபுரத்திலோ ஆத்தூரிலோ ஒரு பிரவுசிங் சென்டர் வாசலில் அரை மணி நேரம் நின்றால் போதும். பெற்றோர் கேட்பது ஒரே கேள்விதான்: "கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்குமா?" அது இல்லையென்றால் வேறு பெயரில் இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டர் படிப்பு. அதுவும் இல்லையென்றால்தான் மற்றவை. 2024-25 கல்வியாண்டில், ஒரு பாடப்பிரிவில் இத்தனை இடங்கள்தான் என்றிருந்த உச்சவரம்பை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் தளர்த்தியது. அதற்குப் பிறகு இந்த ஓட்டம் இன்னும் வேகமெடுத்திருக்கிறது. கல்லூரிகள் கம்ப்யூட்டர் இடங்களைப் பெருக்குகின்றன, பழைய பாடப்பிரிவுகள் ஓரமாக ஒதுங்கி நிற்கின்றன.

அப்படி ஒதுங்கி நிற்பவற்றில் ஒன்று வேதிப் பொறியியல், அதாவது கெமிக்கல் இன்ஜினியரிங். நம் காலனிப் பிள்ளைகளின் விருப்பப் பட்டியலில் அது பெரும்பாலும் இருப்பதே இல்லை. காரணம் கேட்டால் இரண்டு பதில் வரும். "கெமிஸ்ட்ரி எனக்கு வராது" என்பது ஒன்று. "கெமிக்கல்னா உடம்புக்கு ஆகாதே" என்பது இன்னொன்று. முதல் பதில் தவறான புரிதல். இரண்டாவது, அனுபவத்திலிருந்து வருவது. சாயப்பட்டறையில் கை வெந்தவர், ஆசிட் புகையில் இருமியவர், கழிவுத் தொட்டியில் இறங்கியவர் வீட்டில் இருக்கும்போது அந்தச் சொல்லுக்கு வேறென்ன பொருள் இருக்க முடியும்?

ஆனால் இரண்டாவது பதிலைத்தான் நாம் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. வேதிப்பொருளோடு நமக்கு உறவு புதிதல்ல. தோலைப் பதப்படுத்தியது நம் முன்னோர். சுண்ணாம்புக் காளவாயில் வெந்தது நம் முன்னோர். இன்றும் சேலம், நாமக்கல் சமவெளியில் ஆலை என்று எதைச் சொன்னாலும் அதன் ஈரமான, புகையடிக்கிற, நாற்றமெடுக்கிற மூலையில் நம் சனம் நிற்கிறது. அதே ஆலையில் எந்த வால்வை எப்போது திறப்பது, எந்த வெப்பநிலையில் நிறுத்துவது, கழிவை எங்கே விடுவது என்று முடிவெடுக்கிற அறையில் நாம் இல்லை.

நம் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1934-இல் மேட்டூர் அணை வந்தது. அதன் மின்சாரத்தை நம்பி 1936-இல் மேட்டூர் கெமிக்கல்ஸ் தொடங்கப்பட்டது. உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் ஒரு பக்கம் காஸ்டிக் சோடா, இன்னொரு பக்கம் குளோரின். அந்தக் குளோரினிலிருந்து பிவிசி. இன்று நம் வயல்களில் ஓடும் குழாய்க்குப் பின்னால் இருக்கும் வேதியியல் இதுதான். பள்ளிபாளையத்தில் 1960-களின் தொடக்கத்திலிருந்து காகித ஆலை ஓடுகிறது. மோகனூரில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் சாயப்பட்டறைகள். சேலத்தில் மேக்னசைட். இவை அத்தனையும் வேதிப் பொறியியல் பாடப்புத்தகத்தின் அத்தியாயங்கள். அத்தியாயங்களுக்கு நடுவில் வாழ்ந்துகொண்டே அந்தப் புத்தகத்தைத் திறக்காமல் இருக்கிறோம்.

அந்தப் படிப்பில் என்னதான் சொல்லித் தருகிறார்கள்? இதற்குச் சேகோ ஆலையைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டாம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றபோது சேலத்தில் வேரூன்றிய தொழில் அது. 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவு அமைப்பு வந்தது. ஆத்தூர், கெங்கவல்லி, ராசிபுரம், நாமகிரிப்பேட்டை என்று எங்கே போனாலும் ஆலையும் வெள்ளைக் களமும் தெரியும். குச்சிக்கிழங்கைத் தோலுரித்துக் கழுவி அரைக்கிறார்கள். அரைத்த பாலைச் சல்லடையில் விட்டுத் திப்பியைப் பிரிக்கிறார்கள். பாலைத் தொட்டியில் தெளியவிட்டால் மாவு அடியில் படிகிறது. ஈர மாவை உடைத்து, ஆட்டி, உருண்டையாக்கி, வறுத்து, களத்தில் காய வைக்கிறார்கள்.

இந்த வேலைகளில் பெரும்பகுதியைச் செய்யும் பெண்களில் பலர் நம் வீட்டுப் பெண்கள். வேதிப் பொறியாளரோ இதே வேலைகளைப் பொடியாக்கல், சலித்தல், படியவைத்தல், உருண்டையாக்கல், உலர்த்தல் என்று பெயரிட்டு ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போடுகிறார். 1915-இல் ஆர்தர் லிட்டில் என்ற அமெரிக்கர் ஒரு யோசனை சொன்னார். ஆலை எதுவானாலும் அதற்குள் நடப்பது இப்படிப்பட்ட சில அடிப்படைச் செயல்களின் தொடர்தான், அவற்றைத் தனித்தனியாகக் கற்றால் எந்த ஆலையையும் புரிந்துகொள்ளலாம் என்றார். இந்தப் படிப்பின் முதுகெலும்பு அதுதான். சர்க்கரைப் பாகைக் காய்ச்சுவதும் கச்சா எண்ணெயைக் காய்ச்சுவதும் ஒரே கணிதத்தின் இரண்டு கணக்குகள். ஆகவே இதற்கு வேண்டியது பிளஸ் டூ கரிம வேதியியலை மனப்பாடம் செய்யும் திறமை அல்ல. கணிதமும் இயற்பியலும்தான் அதிகம் வேண்டும். "கெமிஸ்ட்ரி வராது" என்று ஒதுங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு ஒதுங்கட்டும்.

இரண்டாம் ஆண்டில் முதலில் கற்பது பொருட்சமநிலை. உள்ளே போனது எவ்வளவோ, அவ்வளவும் வெளியே வந்தாக வேண்டும், அல்லது உள்ளேயே தங்கியிருக்க வேண்டும். இதில் வேறு வழி கிடையாது. ஒரு பேச்சுக்கு, ஓர் ஆலை நாளொன்றுக்கு நூறு குடம் தண்ணீர் எடுக்கிறது, அதில் பத்துக் குடம் சரக்கோடும் ஆவியாகவும் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதித் தொண்ணூறு குடம் எங்கே? "எங்கள் ஆலையிலிருந்து கழிவே வெளியே போவதில்லை" என்று முதலாளி சொன்னால், இந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தெரிந்த ஒருவர் ஊரில் இருந்தால் போதும். கிராமசபையில் நாம் கொடுக்கும் மனுக்களில் நாற்றம் இருக்கிறது, கண்ணீர் இருக்கிறது, கணக்கு இல்லை. அதனால்தான் அவை கோப்பிலேயே தூங்குகின்றன. நொய்யல் ஆற்றுக்காக விவசாயிகள் நடத்திய நீண்ட வழக்கில் 2011 ஜனவரியில் திருப்பூர் சாய ஆலைகளை மூடச் சொல்லி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்ற நிபந்தனை அங்கே அச்சுறுத்தலாக மாறியதும் சவ்வு வடிகட்டிகளும் ஆவியாக்கிகளும் வந்தன, அவற்றை இயக்கத் தெரிந்தவர்களுக்கு வேலையும் வந்தது.

இன்னொரு இடத்தில் இந்தப் படிப்பு நம் உயிரோடு நேரடியாகச் சம்பந்தப்படுகிறது. கழிவுநீர்த் தொட்டிக்குள் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு காற்றைவிடக் கனமானது, அடியிலேயே தங்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கின் நுகரும் திறனே செயலிழந்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று நினைத்து இறங்குகிறவர் மேலே வருவதில்லை. அவரைத் தூக்கப் போகிற இரண்டாமவரும் மூன்றாமவரும் வருவதில்லை. ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் மூடிய தொட்டிக்குள் ஒருவரை இறக்க வேண்டுமானால் வாயுவை அளந்து பார்த்து, காற்றோட்டம் கொடுத்து, எழுத்து மூலம் அனுமதிச் சீட்டு போட்டு, வெளியே ஒருவரைக் காவலுக்கு நிறுத்த வேண்டும். வேதிப் பொறியியல் மாணவருக்கு இது அரிச்சுவடி. அதே நாட்டில், அதே வாயு இருக்கும் தொட்டிக்குள், நம் ஆளை இடுப்பில் கயிறு கட்டி இறக்குகிறார்கள். 2013-இல் தடைச் சட்டம் வந்தது. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014-இல் உச்சநீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. இத்தகைய மரணங்கள் அதிகம் பதிவான மாநிலங்களின் வரிசையில் தமிழ்நாடு முன்னால்தான் நிற்கிறது. இது அறிவு இல்லாததால் நடக்கும் சாவு அல்ல. அறிவு ஒரு பக்கமும் உடம்பு இன்னொரு பக்கமும் இருப்பதால் நடக்கும் சாவு.

இதை அம்பேத்கர் எண்பது ஆண்டுகளுக்கு முன்பே பார்த்துவிட்டார். 1942 அக்டோபரில், வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, பட்டியல் சாதியினரின் குறைகளைத் தொகுத்து ஒரு மனு கொடுத்தார். கலைப் படிப்பும் சட்டப் படிப்பும் நம் மக்களுக்குப் பெரிதாகக் கைகொடுக்காது, அறிவியலிலும் தொழில்நுட்பத்திலும் உயர்கல்வி வேண்டும், அதன் செலவைத் தாங்கும் வசதி நம் பெற்றோருக்கு இல்லை, எனவே அரசு உதவித்தொகை தர வேண்டும் என்பது அதிலிருந்த வாதங்களில் ஒன்று. பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான மத்திய உதவித்தொகைத் திட்டம் 1944-இல் தொடங்கியது. தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு அந்த வாதம் கொஞ்சம் உறைக்கத்தான் செய்கிறது. ஆனாலும் அது சரியான வாதம்.

எங்கே படிக்கலாம்? கருப்பூரில் இருக்கும் சேலம் அரசு பொறியியல் கல்லூரியில் உலோகவியல் உண்டு, வேதிப் பொறியியல் இல்லை. இத்தனை ஆலைகள் இருக்கும் மாவட்டத்தின் அரசுக் கல்லூரியில் அது இல்லாதது ஏன் என்று நம் சட்டமன்ற உறுப்பினர்களிடம் கேட்க வேண்டும். கிண்டியில் 1944-இல் தொடங்கப்பட்ட அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, அதாவது ஏ.சி. டெக், இந்தப் படிப்புக்கு மாநிலத்தின் பழைய முகவரிகளில் ஒன்று. இன்னொன்று சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்திலேயே வேதி மற்றும் மின்வேதிப் பொறியியல் பட்டப்படிப்பு இருக்கிறது. கோவை சிஐடி, பெருந்துறை கொங்கு கல்லூரி ஆகியவற்றிலும் உண்டு. ஜேஇஇ எழுதுகிறவர்களுக்குத் திருச்சி என்ஐடியும் சென்னை ஐஐடியும்.

தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டில் பட்டியல் சாதியினருக்கு 15, அருந்ததியருக்கு 2009 முதல் உள்ஒதுக்கீடாக 3, பழங்குடியினருக்கு 1. அறுபது பேர் உள்ள வகுப்பில் ஒன்பது இடமும், ஏறத்தாழ இரண்டு இடமும். உள்ஒதுக்கீடு செல்லுமா என்ற சந்தேகத்தை 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்த்துவைத்தது. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் அருந்ததியர் எண்ணிக்கை பெரிது என்பதால் இந்த இரண்டு இடம் நமக்குச் சின்ன விஷயமல்ல. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியலிலும் 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும். மற்றவர்களுக்குக் குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் உதவித்தொகை. ஒரு எச்சரிக்கை: நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் அந்த உதவித்தொகை கிடைக்காது. "சீட் வாங்கித் தர்றேன், ஸ்காலர்ஷிப்பும் வரும்" என்று ஊருக்குள் வரும் புரோக்கரிடம் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும்.

மேலே சொன்ன இடங்களில் பல நம் ஊரிலிருந்து தூரம். பெற்றோர் தயங்குவார்கள். பக்கத்தில் படித்தால் பாதுகாப்பு என்ற நினைப்பு இயல்பானதுதான். ஆனால் திருச்செங்கோட்டில் பொறியியல் படித்து முடித்த ஓமலூர் கோகுல்ராஜ் 2015 ஜூனில் கொல்லப்பட்டது இந்த மாவட்டங்களில்தான், 2022 மார்ச்சில் குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை வந்தது. பக்கம் என்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடவில்லை. வெளியூர் விடுதியில் நம் பிள்ளையின் தெருப் பெயர் யாருக்கும் தெரியாது. அந்த விடுதலையும் ஒரு படிப்புதான்.

அதற்காகத் தூரத்துக் கல்லூரிகள் சொர்க்கம் என்று நான் சொல்லப்போவதில்லை. இந்தப் படிப்பின் பெயரோடேயே ஒரு காயம் இருக்கிறது. மும்பை ஐஐடியில் வேதிப் பொறியியல் முதலாண்டு படித்த தர்ஷன் சோலங்கிக்கு வயது 18. ஆமதாபாத்திலிருந்து வந்தவர், தந்தை குழாய் வேலை செய்பவர். சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. முதல் பருவத் தேர்வு முடிந்த மறுநாள், 2023 பிப்ரவரி 12 அன்று இறந்துபோனார். சாதிப் பாகுபாடுதான் காரணம் என்று குடும்பமும் அங்குள்ள அம்பேத்கர் பெரியார் பூலே வாசகர் வட்டமும் சொன்னார்கள். நிறுவனத்தின் விசாரணைக் குழு, பாகுபாட்டுக்குக் குறிப்பான ஆதாரம் இல்லை, படிப்பில் பின்தங்கியதைக் காரணமாகக் கருதலாம் என்றது. ஒரு வாதத்துக்கு அதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் கேள்வி தீரவில்லை. மூன்று மாதத்தில் ஒரு பிள்ளை பின்தங்குகிறான் என்றால் அதைக் கவனித்துக் கைகொடுப்பது யார் வேலை? 2017 மார்ச்சில் டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த நம் சேலத்து முத்துகிருஷ்ணனை இழந்தபோதும் இதே கேள்வி எழுந்தது.

தர்ஷன் இறந்த சில மாதங்களில் மும்பை ஐஐடி ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. சக மாணவரின் நுழைவுத்தேர்வுத் தரவரிசையைக் கேட்பது முறையல்ல, அது சாதியைக் கேட்கும் மறைமுக வழியாகிவிடும் என்றது. நம் ஊரில் இதற்கு வேறு பெயர்: "உன் கட்-ஆஃப் எவ்வளவு?" விடுதியில் முதல் நாளே இந்தக் கேள்வி வரும். தம்பி, தங்கச்சி, பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. அந்தக் கட்-ஆஃப் கல்லூரி வாசல் வரைக்கும்தான். உள்ளே எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு முதல் இரண்டு பருவம் ஆங்கிலமும் கணிதமும் மூச்சுத் திணற வைக்கும். ஒரு தாளில் அரியர் விழுந்தால் உலகம் இடிந்துவிடாது. சீனியர்களில் நம் பிள்ளைகளைத் தேடிப் பிடியுங்கள், பழைய குறிப்புகளை வாங்குங்கள். மனம் தாங்காத இரவு வந்தால் 14416 என்ற இலவச எண்ணில் தமிழில் பேசலாம்.

வேலை விஷயத்தில் பொய் சொல்லக் கூடாது. சேகோ ஆலையும் சாயப்பட்டறையும் பட்டம் பெற்ற பொறியாளரை வைத்துக்கொள்வது அபூர்வம். அங்கே மேஸ்திரிதான் எல்லாம், மேஸ்திரி பெரும்பாலும் முதலாளிக்குச் சொந்தம். பெரிய ஆலைகள் மணலி, கடலூர், தூத்துக்குடி, இன்னும் தள்ளிக் குஜராத்தில் இருக்கின்றன. ஷிப்டு வேலை. ஆரம்பச் சம்பளம் ஐடி நண்பனைவிடக் குறைவாக இருக்கலாம். தனியாரில் இடஒதுக்கீடும் கிடையாது. ஆனால் எண்ணெய், எரிவாயு, உரம் ஆகிய துறைகளில் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் இன்னும் மிச்சமிருக்கின்றன. அவற்றில் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கீடு உண்டு. பல நிறுவனங்கள் கேட் தேர்வு மதிப்பெண்ணை வைத்து ஆள் எடுக்கின்றன. அந்தத் தேர்வில் வேதிப் பொறியியலுக்குத் தனித் தாள் இருக்கிறது, நமக்குக் கட்டணத்தில் பாதிச் சலுகையும் இருக்கிறது. மாநில மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்திலும், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திலும் இந்தப் படிப்புக்குக் கதவு உண்டு. ஆலைக்குள் நுழைந்து குறிப்பேட்டைக் கேட்கவும், பிழை இருந்தால் நடவடிக்கை எடுக்கவும் அதிகாரம் உள்ள வேலைகள் இவை. சொல்லப்போனால் எனக்கு ஆசை அங்கேதான். 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்தபோது ஆலையின் குளிரூட்டும் அமைப்பு நிறுத்தப்பட்டிருந்தது, வாயுவை எரிக்கும் கோபுரம் துண்டிக்கப்பட்டிருந்தது. சுவரை ஒட்டிய குடிசைகளில் ஏழைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குடிசையில் பிறந்த ஒருவர் அந்த ஆலையின் ஆய்வாளராக இருந்திருந்தால் இதையெல்லாம் கேட்காமல் விட்டிருப்பாரா?

டிப்ளமோ முடித்தவர்கள் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக் போன பிள்ளைகள் அந்தக் கலந்தாய்வு அறிவிப்பைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

கடைசியாக, நாள். உத்தரப் பிரதேசம் முசாபர்நகரில் ஒரு தினக்கூலியின் மகன் அதுல் குமார். 2024-இல் தன்பாத் ஐஐடியில் மின் பொறியியல் இடம் கிடைத்தது. கட்ட வேண்டியது 17,500 ரூபாய். ஊர் சேர்ந்து பணம் திரட்டிக் கொடுத்தும், கெடு முடிவதற்குள் இணையத்தில் கட்ட முடியவில்லை. இடம் போய்விட்டது. சென்னை உயர்நீதிமன்றம் வரை வந்து, பிறகு உச்சநீதிமன்றம் போய், செப்டம்பர் 30 அன்றுதான் அந்த இடத்தைத் திரும்பப் பெற்றார். எல்லாருக்கும் உச்சநீதிமன்றம் கிடைக்காது. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். மாணவர் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கி ஆதாரை இணைத்துவிடுங்கள், உதவித்தொகை நேராக அங்கேதான் வரும். விருப்பப் பட்டியல் நிரப்பும்போது பிரவுசிங் சென்டர்காரரிடம் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். கணிதத்திலும் இயற்பியலிலும் கை ஓடுகிற பிள்ளை என்றால், ஏ.சி. டெக்கின் கெமிக்கலையும் காரைக்குடியையும் பட்டியலின் மேல்பகுதியில் வைத்துப் பாருங்கள். ஒதுக்கீட்டு ஆணை வந்த அன்றே திறந்து படித்து, அதில் உள்ள கடைசித் தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள்.